சகலையின் சைக்கிள் சாவி

என் மனைவியின் அக்கா பிலோமி, மகளின் பிரசவத்துக்காக பிரான்சுக்குப் போனார். அதே வாரம் என்னையும் பிரான்சுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் போனது விமானத்தில், ஜன்னல் ஓரமாக. நான் போனது கடலூர் பேருந்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு. பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன பிரான்சு, அதாவது புதுவை, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் என்னிடம் யாரும் விசா கேட்கவில்லை.

எல்லாம் பிலோமி அண்ணியின் கணவரால், அதாவது என் சகலை லூயியால் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். காலையில் கட்டாயம் நடக்க வேண்டும், ஆனால் கொஞ்ச நாளைக்குத் தனியாக நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. பிறக்கப்போகிற பேரப்பிள்ளை யாருக்காகவும் காத்திருக்காது. குடும்பத்தில் சும்மா இருக்கிற ஆள் யார் என்று யோசித்திருக்கிறார்கள். எனக்குக் கடலூரில் மைக் செட், சீரியல் பல்பு வாடகைக் கடை. திருவிழாக் காலம் முடிந்துவிட்டால் நானும் என் ஸ்பீக்கர்களும் ஆளுக்கொரு மூலையில் வாய்மூடிக் கிடப்போம்.

என் மனைவி ரீத்தா ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். “மாமாவப் பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும், நீங்க நாலு அடி நடந்த மாதிரியும் இருக்கும். வயித்தப் பாருங்க, திருவிழா பலூன் மாதிரி.”

லூயி மேல் எனக்குப் பொறாமை உண்டு. கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. அவர் புதுவை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் பைக்குக்கு மாறிய பிறகும் சைக்கிளிலேயே போய் வந்தார். விளைவு, ரிட்டயர் ஆன பிறகும் வயிறு என்ற உறுப்பே அவருக்கு இல்லை. ஜெபமாலைக்கு ஐந்து பத்துமணிதான்; எங்கள் வீட்டு ஜெபமாலையில் “மாமாவப் பாருங்க” என்பது ஆறாவது பத்துமணி. அப்படிப்பட்டவருக்கு அடைப்பு வந்தபோது, ஆண்டவரே மன்னியும், ஒரு மூலையில் எனக்குச் சமாதானமாக இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. அடைப்பு வந்ததும் கூடை கூடையாகப் பழம் வந்தது, பிரான்சிலிருந்து மகள் புது ஷூ அனுப்பினாள், ஊரே நலம் விசாரித்தது. எனக்கு ஓர் அடைப்பும் இல்லாததால் ஓர் ஆரஞ்சுப் பழம்கூட வரவில்லை.

பேருந்தில் பாதிப் பேர் மாநில எல்லையிலேயே இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய வெளிநாடு அங்கே வரிசையாக இருக்கும் மதுக்கடைகளோடு முடிந்துவிடுகிறது. நடைப்பயிற்சிக்கென்று நான் தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டிருந்தேன். நடத்துநரிடம் “பீச்சு வந்தா சொல்லுங்க” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து நோணாங்குப்பத்தில் இறக்கிவிட்டார். சுற்றுலாப் பயணிகள் படகேறும் இடம். மஞ்சள் மிதவைச் சட்டை மாட்டிய குடும்பங்களுக்கு நடுவில் பெட்டியோடு நின்று லூயிக்கு போன் செய்தேன்.

“இன்னா சகல, படகுல வரப் போறியா?” என்றார். இதய நோயாளி விழுந்து விழுந்து சிரிப்பது போனிலேயே கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அண்ணியை ஏற்றிக்கொள்ள கார் நின்றது. அண்ணி என்னைத் தனியாக அழைத்து உள்ளங்கையில் ஒரு சின்னச் சாவியை வைத்தார்.

“தம்பி, இது அவரு சைக்கிள் சாவி. ஏறணும்னு துடிச்சிக்கினு இருக்காரு. டாக்டரு சரின்னு சொல்ற வரைக்கும் குடுக்காதீங்க. கெஞ்சுவாரு. அழுவாருகூட. நம்பாதீங்க.”

அந்தச் சாவியை ஊக்கு போட்டு என் பனியனுக்குள் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் லூயியிடம் இல்லாத ஒரு பொருள் என்னிடம் இருந்தது அதுதான்.

மறுநாள் விடிவதற்குள் எழுப்பிவிட்டார். புறப்படுமுன் வராந்தாவில் ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கிடந்த பச்சை சைக்கிளை, குதிரையைத் தடவுவதுபோல் துணியால் துடைத்தார்.

“சாவிய குடு சகல. சும்மா ஒரு சுத்து.”

“டாக்டர் சொல்லட்டும்.”

“நீ சகலையா, ஜெயிலரா?”

கடற்கரைச் சாலைக்குப் போனதும் என் பொறாமை ஆளை விட்டு ஊரின் மேல் பாய்ந்தது. இந்த ஊர், சாயங்காலமானால் தன் கடற்கரைச் சாலையை வண்டிகளிடமிருந்து பிடுங்கி நடப்பவர்கள் கையில் கொடுத்துவிடுகிறது. மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் திருப்பித் தருகிறது. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று கொட்டாவி விடுகிறார். ஒரு பக்கம் பாறையில் கடல் அடிக்கிறது, மறு பக்கம் வெள்ளைக் கட்டடங்கள், நடுவில் வழவழவென்ற தளம். பல்லாங்குழி விளையாடக்கூட ஒரு குழி கிடையாது. எங்கள் ஊரில் காலையில் நடக்கப் போனால், பின்னால் வரும் டவுன் பஸ்ஸின் ஹாரனிலேயே பாதித் தூரம் பறந்துவிடலாம். மீதித் தூரத்தை மாடுகளிடம் அனுமதி கேட்டுக் கடக்க வேண்டும்.

எதிரே வந்தவர்கள் எல்லோரும் லூயிக்கு வணக்கம் சொன்னார்கள். வயதானவர்கள் “போன்ழூர் முசே லூயி” என்றார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் அவருடைய ஷூ லேஸ்போலக் கூடவே இழுபட்டுப் போனேன். அடைப்பு எடுத்த மனிதர் முன்னால் போகிறார், அடைப்பில்லாதவன் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறேன்.

திடீரென்று லூயி நின்றார். குனிந்தார். கை நெஞ்சுப் பக்கம் போனது.

அவ்வளவுதான். எனக்குள் நூறு சைரன். அவர் விழுவதும், அண்ணி பாரிஸிலிருந்து என் பெயரைச் சொல்லி அழுவதும், சவப்பெட்டிக்குப் பின்னால் நானே மைக் செட் கட்டிக்கொண்டு போவதும் வரிசையாகத் தெரிந்தன. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன், அவர் வாயைப் பிளந்து திணித்தேன், “ஐயோ யாராவது வாங்களேன்” என்று கத்தினேன். மைக் இல்லாமலேயே சாலை நடுவில் இருக்கும் சிலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். சிவப்புத் தொப்பிக்காரர் ஓடி வந்தார்.

லூயி வாயில் இருந்ததைத் துப்பினார். “யோவ், ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சேன்யா. மூக்குக் கண்ணாடி பையிலிருந்து விழுந்துடப் போவுதுன்னு நெஞ்சப் புடிச்சேன். அதுக்கு ஏன் எனக்கு பெப்பர்மிண்ட் குடுக்குற?”

போலீஸ்காரர் என்னைத்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். வீட்டில் உப்பில்லாத ஓட்ஸ், உப்பில்லாத சுரைக்காய், உப்பென்றால் என்னவென்றே கேள்விப்படாத ரசம். நோயாளிக்கு முன்னால் நாம் மட்டும் ருசியாகச் சாப்பிடலாமா என்று முதல் நாள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெருந்தன்மைக்கு இப்போதும் என்னை நான் மன்னிக்கவில்லை. பக்கத்து வீட்டில் வடகம் தாளித்து மீன் குழம்பு கொதிக்கும்போது, நான் சுரைக்காயை வாயில் வைத்துக்கொண்டு அந்த வாசனையைத் தொட்டுக்கொண்டேன். பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையோடு வரும் மீன்கார அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு லூயியிடம் கேட்டார். “இவருக்கும் ஆப்ரேஷனா? மூஞ்சி செத்துக் கெடக்குது.”

இரண்டாம் நாள்தான் மதில் கோஷ்டியைப் பார்த்தேன். அதன் தலைவர் கப்பித்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பித்தேன் என்றால் படையை நடத்தும் பதவியாம். இவர் நடத்தியது சமையற்கட்டை என்று லூயி என் காதில் சொன்னார். வயது எழுபதுக்கு மேல். முதுகு மட்டும் இன்னும் அணிவகுப்பில் நிற்கிறது.

அவர்தான் எனக்குச் சட்டத்தைச் சொன்னார். சாலையின் வடக்குக் கோடியில் ஒரு பழைய மதில் இருக்கிறது. தெற்கே தொடங்கி நடந்தாலும் சரி, சைக்கிள் மிதித்தாலும் சரி, அந்த மதிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினால்தான் ஒரு சுற்று. “ஒரு முழம் முன்னாடி திரும்பினாலும் கணக்குல சேராது. அது சும்மா காத்து வாங்கினது. உன் சகல இருக்காரே, சைக்கிள்ல வந்து, எறங்காமயே எடது கால நீட்டி செருப்பு நுனியால மதில ஒரு தட்டு தட்டுவாரு. அப்படியே ஒரு திருப்பு. நாப்பது வருஷமா பாக்கறேன், அந்த மாதிரி எவனுக்கும் வராது.”

பாருங்கள், மதிலைத் தொடுவதில்கூட அவர்தான் முதல்.

ஆனால் நானும் லூயியும் ஒரு நாளும் மதில் வரை போகவில்லை. அது கண்ணில் படத் தொடங்கியதுமே “போதும் சகல, டாக்டர் அவ்ளோ தூரம் வேணாம்னாரு” என்று திரும்பிவிடுவார். எனக்கு அது மகா சந்தோஷம். காரணம் கேட்டால் தூரம் கூடிவிடுமோ என்று நான் வாயே திறக்கவில்லை.

இப்படி ஒரு நாள் திரும்பும்போது, கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரத் தம்பதி எங்களைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாள் கண்களில் அப்படியொரு கருணை. பின்னால் வந்த கப்பித்தேனிடம் என்னவென்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “எவ்ளோ அன்பு பாரு, அந்த ஒல்லி மனுசன் தெனமும் இந்த நோயாளி குண்டர நடக்க வெக்கக் கூட்டிட்டு வர்றாருன்னு சொல்றாங்க.”

லூயி பாறை மேல் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

சனிக்கிழமை மருத்துவரிடம் போனோம். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கீங்க. சைக்கிள் ஓட்டலாம். மேடு இல்லாத ரோடு, மெதுவா, பக்கத்துல ஆள் இருக்கணும்” என்றார். ஒரு வாரமாகக் கெஞ்சிய மனிதர் குதிப்பார் என்று பார்த்தேன். “சரிங்க டாக்டர்” என்றார், அவ்வளவுதான்.

அண்ணியிடம் போனில் சொல்லிவிட்டு, ஊக்கைக் கழற்றிச் சாவியை ஒப்படைத்தேன். பதவி போன அமைச்சர்போல மனசு கனத்தது. லூயி அதை வாங்கி, இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் வைத்தார். இலாகா பொருத்தம் பார்த்துத்தான் வைக்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, “பூசைக்கு நேரமாயிடும்” என்றார். திங்கட்கிழமை டயரில் காற்று இல்லை. நான் பம்பு வாங்கி வந்து, கண் பிதுங்க அடித்தேன். செவ்வாய்க்கிழமை, “செயின் காஞ்சி கெடக்குது, அதில்லாம இன்னிக்கு எதிர்க்காத்து” என்றார். கிளம்பும்போது எங்கள் தலைக்கு மேல் ஓர் இலை அசையவில்லை.

அன்று சாயங்காலம் அவர் பூட்டில் சாவி போடுவதை உள்ளேயிருந்து பார்த்தேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. சாவி பூட்டுக்குள் போகவில்லை. பூட்டின் வாய் வரை போய்த் திரும்பியது. இரண்டு முறை முயன்றுவிட்டு, துணியை எடுத்து, ஏற்கெனவே மின்னிய மட்கார்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும். வாரம் முழுவதும் அவர் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த கை என்னுடையது. பயத்தில் நான்தான் மூத்தவன்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. வியாழக்கிழமை நான் ஊர் திரும்ப வேண்டும். எனக்குப் பதிலாகக் காரைக்காலிலிருந்து லூயியின் அண்ணன் வருகிறார். அவர் தம்பியைக் கட்டிலை விட்டு இறங்கவே விடாத ஆசாமி. அவர் வந்துவிட்டால் இந்த சைக்கிள் பழைய இரும்புக்குத்தான் போகும்.

புதன்கிழமை விடிந்ததும் நானே பூட்டைத் திறந்தேன். சாவியைப் பழக்க தோஷத்தில் பனியனில் மாட்டிக்கொண்டு, “தள்ளிக்கிட்டாவது வாங்க” என்றேன். லூயி மறுக்கவில்லை. கடற்கரைச் சாலை முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தார். அந்த நேரத்தில் சைக்கிளை யாரும் தடுப்பதில்லை. போலீஸ்காரர் என்னை மட்டும் சந்தேகமாகப் பார்த்தார்.

“இன்னா லூயி, மாட்ட மேய்ச்சலுக்கு ஓட்டிக்கினு வந்தியா?” என்றார் கப்பித்தேன். கோஷ்டி சிரித்தது. லூயி சிரிக்கவில்லை.

மதில் கண்ணில் பட்டதும் வழக்கம்போல் நின்றார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்கு இங்கதான் சகல வந்துது. மதிலத் தொட கால நீட்டினேன். அப்பதான் நெஞ்சுல... கால் அப்படியே அந்தரத்துல நின்னுடுச்சு. எல்லாரும் ஆஸ்பத்திரின்றாங்க, ஸ்டென்டுன்றாங்க. எனக்குத் தூக்கத்துல வர்றது அந்தக் காலுதான். நடந்துகூட அங்க போவ முடியல.”

இப்படி ஒருவர் சொல்லும்போது நல்ல மனிதர்கள் தோளில் கை வைப்பார்கள். எனக்கு அந்த வித்தை வராது. எனக்குத் தெரிந்தது பொறாமை ஒன்றுதான். அதில் எனக்கு நீண்ட அனுபவம், எங்கே குத்தினால் எங்கே வலிக்கும் என்று தெரியும்.

“அப்ப வண்டி சும்மாதான கெடக்குது? நான் ஓட்டறேன்” என்று பிடுங்கினேன்.

“நீயா? கடைசியா எப்ப ஓட்டின?”

“கேரியர்ல ரெண்டு ஸ்பீக்கர் பொட்டி கட்டி ஓட்டினவன் நான். இதெல்லாம் எனக்கு பல்லுக்குச்சி.”

அந்தப் பெட்டி கட்டிய காலத்தில் எனக்கு மீசையே சரியாக முளைத்திருக்கவில்லை. இடது காலைப் பெடலில் வைத்து, தத்தித் தத்தி, வலது காலைப் பின்னால் வீசினேன். வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஏறி உட்கார்ந்தோம். வண்டி பாம்புபோல நெளிந்தது. உள்ளுக்குள், மாதாவே, மாதாவே என்று ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் திருவிழா அறிவிப்பில் இருந்தது.

“புதுவை வாழ் பெருமக்களே! முசே லூயியின் வண்டியை இனிமேல் அவருடைய சகலை ஓட்டுவார்! கடலூருக்கே எடுத்துப் போய்விடுவார்! மதிலை எப்படித் தொடுவது என்று இப்போது பாருங்கள்!”

“யோவ், எறங்குயா! என் வண்டி அது!” என்று பின்னால் குரல். “சீட்டு மேல அப்படி பொத்துனு உக்காராத, ஸ்பிரிங்கு போயிடும்!” குரல் கிட்டத்தில் வந்துகொண்டே இருந்தது. நடப்பவரின் குரல் அப்படிக் கிட்டே வராது. “முன் பிரேக்கப் புடிக்காத! முன் பிரேக்கப் புடிக்காத சகல!”

மதில் வந்துவிட்டது. இடது காலை நீட்டினேன். நீட்டியதும் பயம் வந்தது. பயம் வந்ததும் கையில் இருந்ததை எல்லாம் சேர்த்துப் பிடித்தேன். அதில் முன் பிரேக்கும் இருந்தது.

அடுத்து நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டி எரிந்தது. லூயி ஓடி வந்து சேர்ந்தார். ஆம், ஓடித்தான் வந்தார். வந்தவர் முதலில் தூக்கியது சைக்கிளை.

“பாரு, ஹேண்டில் கோணிக்கிச்சு. சொன்னனே கேட்டியா? கடலூர்க்காரனுக்கு எதுக்குயா கை பிரேக்கு?”

மூச்சு வாங்கியது. ஆனால் அது திட்டுகிறவனின் மூச்சு. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, கைப்பிடியை ஒரு திருகு திருகி நேராக்கினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திருப்தியில்லை. “ஓட்டிப் பாத்தாதான் தெரியும்” என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டார்.

ஏறியது அவருக்கே தெரியாது. கப்பித்தேனுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். லூயி குனிந்து முன்சக்கரத்தையே பார்த்தபடி தெற்கே கொஞ்ச தூரம் போனார், வளைந்தார், நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் எதிரே மதில்.

அந்த நொடியில் என் முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. என் சட்டைப் பையில் மாத்திரையைத் தேடினேன். பெப்பர்மிண்ட்தான் கையில் வந்தது. அதை நானே போட்டுக்கொண்டேன்.

சைக்கிள் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனது. இடது கால் நீண்டது. செருப்புக்குப் பதில் மகள் அனுப்பிய ஷூவின் நுனி மதிலில் ஒரு தட்டு. அப்படியே ஒரு திருப்பு. மணியை இரண்டு முறை அடித்தார்.

“வுவாலா! பாத்தீங்களா!” என்றார் கப்பித்தேன். கோஷ்டி கைதட்டியது. பெஞ்சில் இருந்த யாரோ எழுந்து நின்றார்கள். முட்டியில் ரத்தம் வழியத் தரையில் ஒருவன் கிடக்கிறானே என்று ஓர் ஆத்மாகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்கு?” என்றேன் கப்பித்தேனிடம். “நான் வந்தது கணக்குல சேருமா?”

அவர் என் காலையும் மதிலையும் பார்த்தார். குனிந்து கையாலேயே அளந்தார். “ஒரு முழம் கொறயுது. சேராது.”

நொண்டிக்கொண்டே எழுந்து, அந்த ஒரு முழத்தை நடந்து மதிலைத் தொட்டேன்.

“விழுந்து எழுந்து வந்தா அது வேற கணக்கு” என்றார்.

மறுநாள் பேருந்தில் எல்லை தாண்டும்போது பனியனுக்குள் எதுவோ குத்தியது. சைக்கிள் சாவி. மறதிதான். சத்தியமாக மறதிதான். லூயிக்கு உடனே போன் செய்தேன். பின்னால் கடல் சத்தமும், அண்ணனின் “லூயி, எறங்குடா” என்ற கத்தலும் கேட்டன.

“சகல, சாவி என்கிட்ட வந்துடுச்சு. அடுத்த பஸ்ல திரும்பி வரட்டா?”

“நீயே வெச்சிக்க சகல” என்றார், மிதித்துக்கொண்டே. “இனிமே நான் பூட்டப் போறதில்ல.”

எங்கள் ஊரில் ஒரு சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வர முடியுமா? பாருங்கள், அந்தக் கொடுப்பினையும் அவருக்குத்தான்.